கிழிந்த வாஃபிள்

முதல் வாஃபிள் அன்றும் மின்சார அச்சில் ஒட்டிக் கிழிந்தது. தவமலர் அதை வழித்துத் தன் தட்டில் போட்டாள். விருந்துக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு ஹெல்கா, "அதை ஏன் நீ எடுக்கிறாய்?" என்று ஜெர்மனில் கேட்டாள். கணவன் நகுலேஸ் சிரித்தபடி அதே மொழியில் பதில் சொன்னான்: "என் மனைவிக்குக் கிழிந்ததுதான் பிடிக்கும்."

ஊரில் முதல் தோசையும் இப்படித்தான் அவள் தட்டுக்கு வந்தது. பிடிக்குமா என்று ஒருவரும் கேட்டதில்லை.

அவள் மாவை ஊற்றி மூடினாள். ஆவி அடங்குமுன் அச்சை வெடுக்கென்று திறந்தாள். ஐந்து இதயங்களாக மலரவேண்டிய வாஃபிள் மேலும் கீழுமாகப் பிளந்தது.

"என்னப்பா, வேக முன்னம் ஏன் திறக்கிறீர்?" என்று நகுலேஸ் தமிழில் கேட்டான்.

அவள் அடுத்ததையும் பிளந்தாள். சூடான செர்ரிக் குழம்பு, அடித்த கிரீம், மேலே சீனித்தூள். ஒரு குறையும் வைக்காமல் இருவருக்கும் பரிமாறினாள்.

"கிழிஞ்சதுதானே எனக்கு விருப்பம்? இண்டைக்கு நீங்களும் அதையே சாப்பிடுங்கோ."

தமிழ் தெரியாத ஹெல்கா மூன்று தட்டுகளிலும் கிழிந்ததையே கண்டாள்; முட்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நகுலேஸ் முதல் வாய் எடுப்பதற்காகக் காத்திருந்தாள்.