ரூபஸுக்கு வைத்த பொறி

ஆவடியில் மாலை நேர எம்.இ. வகுப்பு. பக்கத்தில் உட்காரும் ரூபஸ் என் நோட்டை எட்டிப் பார்த்தது இதுவரை ஒன்பது முறை, தேதியுடன் குறித்திருக்கிறேன். என் சந்தேகமே தவறாக இருக்கலாம். அதனால் பொறி வைத்தேன்.

ரேடார் கணக்கு. நான்கில் ஒரு முறைதான் விமானம் வரும். ‘வந்துவிட்டது’ என்று சொல்ல சிக்னல் எந்த எல்லையைத் தாண்ட வேண்டும்? எனக்கு வந்த விடை மூன்றில் ஒன்று. வேண்டுமென்றே தலைகீழாக்கி ‘மூன்று’ என்று எழுதி, நோட்டைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அவனுக்குச் சந்தேகம் வரக் கூடாதென்று என் விடைத்தாளிலும் அதையே எழுதினேன்.

விடைத்தாள்களை அடுக்கிக் கொடுப்பது நான்தான். புரட்டினேன். மற்ற எல்லோருக்கும் மூன்றில் ஒன்று. ரூபஸுக்கு மட்டும் என்னைப் போலவே மூன்று!

காப்பியடித்தான் என்று பாடம் எடுக்கும் அகல்யா மேடத்திடம் எழுதிக் கொடுத்தேன். உறுதியானால் அவன் பரீட்சை எழுத முடியாது.

“இன்னாடா, போட்டுக் குட்த்துட்டியா?” என்றான் ரூபஸ்.

“திருடினா வேற என்ன செய்வாங்க?”

மேடம் இருவரையும் அழைத்தார். “இந்த விடை எப்படி வந்துச்சு? போர்டுல போடுங்க.”

ரூபஸ் வராத வாய்ப்பை வரும் வாய்ப்பால் வகுத்தான். மூன்று.

“கரெக்ட். மத்தவங்க எல்லாரும் கோட்டை விட்டுட்டாங்க. இப்ப நீ போடு.”

வரும் வாய்ப்பை வராத வாய்ப்பால் வகுத்தேன். மூன்றில் ஒன்றுதான் வந்தது.

“அப்புறம் உன் தாள்ல மூணு எப்படி?”

“அவனைப் பிடிக்க வேணும்னே தப்பா எழுதினேன், மேடம்.”

“தப்பா எழுதப் போய்ச் சரியா வந்துடுச்சா?”

“நல்லா சொல்றான் மேடம் கதை!” ரூபஸ் சிரித்தான்.

மேடம் என் புகாரை எடுத்தார். ரூபஸின் பெயரை அடித்துவிட்டு, அங்கே என் பெயரை எழுதினார்.