கதவு சாத்தின பிறகு

போலீஸ்காரர் கையில் சுருட்டிப் பிடித்திருந்தது தன்னுடைய புத்தகம்தான் என்று ஜன்னல் இடுக்கு வழியாகவே சிப்போராவுக்குத் தெரிந்துவிட்டது. மஞ்சள் அட்டை. அதில் அவள் வரைந்த இரும்புக் கதவு.

அவள் பதினாறு வயதுக்குள் இரண்டு முறை சிறுவர் சிறைக்குப் போய் வந்தவள். ஈஸ்டருக்குத்தான் ஜாமீனில் விட்டிருந்தார்கள். ஒரு சின்னப் பிசகு நடந்தாலும் மறுபடி அங்கேதான்.

பிசகு சனிக்கிழமை நடந்திருந்தது. அவளும், அவளைப் போலவே உள்ளே இருந்து வந்த கூட்டாளிகளும், கோர்ட்டுக்கு எதிரே இருந்த வேலி முழுக்கத் தாங்கள் வரைந்த படங்களை ஒட்டினார்கள். பிள்ளைகளைச் சிறையில் போடாதீர்கள் என்று சொல்லி, உள்ளே எப்படி இருக்கும் என்று அவள் எழுதிய இந்தச் சின்னப் புத்தகத்தைப் போகிறவர் வருகிறவர் கையிலெல்லாம் கொடுத்தார்கள்.

"காரைத் திருடிட்டு இப்பக் கதை வேற எழுதுறீங்களா?" என்று ஒருவர் வாங்கிய வேகத்தில் கிழித்துப் போட்டார். வேலியில் ஒட்ட யாரிடமும் அனுமதி கேட்டிருக்கவில்லை.

லெட்டி அத்தை ரொட்டிமாவு ஒட்டிய கையோடு வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து வெக்கையில் அவளுடைய பூப்போட்ட அங்கி முதுகோடு ஒட்டியிருந்தது.

"சிப்போரா இங்கதானே இருக்கா?"

"அவ என்ன பண்ணினா?"

"பேசணும்."

"வக்கீல் இல்லாம அவ பேச மாட்டா. நாளைக்கு வாங்க."

"நாளை வரைக்கும் தாங்காதும்மா."

சிப்போரா தெருவைப் பார்த்தாள். போலீஸ் வண்டி இல்லை, ஒரு பழைய வெள்ளைக் கார்தான் நின்றது. கூட வேறு போலீசும் இல்லை. இடுப்பில் துப்பாக்கியும் இல்லை. சாட்சியில்லாமல் தனியாக வந்திருக்கிறான் என்று தோன்றியதும் பயம் இன்னும் கூடியது.

பின்பக்கப் படியில் இறங்கி ஓடிவிடலாம். ஓடினால் அத்தையைப் பிடித்துக்கொண்டு போவார்கள். சிப்போரா அறைக் கதவைத் திறந்து வாசலுக்கு வந்தாள்.

"நான்தான் சிப்போரா."

போலீஸ்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். புத்தகத்தை விரித்து ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"இதை எழுதினது நீயா? யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?"

"நான்தான் எழுதினேன். படமும் நான்தான்."

"ராத்திரி பூரா லைட் எரியும்னு போட்டிருக்கே. நிஜமா?"

"நிஜம்தான். சட்டையைக் கண்ணுமேல போட்டுக்கிட்டுத்தான் படுப்பேன்."

"சிப்பி, வாயை மூடு," என்றாள் அத்தை. "நீ சொல்றதெல்லாம் கேஸுல வரும்."

அவர் அத்தை பக்கம் திரும்பவேயில்லை. "அழுதா என்ன பண்ணுவாங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டாங்க. யாரும் வரவே மாட்டாங்க."

அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"சுவத்தைத் தட்டுன்னு எழுதியிருக்கே. அது எதுக்கு?"

இதற்குத்தான் வந்திருக்கிறான் என்று சிப்போரா நினைத்தாள். உள்ளே இருக்கும் பிள்ளைகளுக்குச் சமிக்ஞை சொல்லிக் கொடுத்ததாக வழக்குப் போடலாம். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"பக்கத்து அறையில இருக்கற பிள்ளை திருப்பித் தட்டும். நாம தனியா இல்லைன்னு தெரியும். அவ்வளவுதான். அது தப்புன்னா என்னை மட்டும் கூட்டிட்டுப் போங்க. மத்தவங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"எப்படித் தட்டணும்?"

"என்ன?"

"வேகமாவா, மெதுவாவா?"

"மெதுவா. வேகமாத் தட்டினா காவலுக்கு இருக்கறவங்க வந்து திட்டுவாங்க."

அவர் தலையாட்டினார். சிப்போரா இரண்டு கைகளையும் சேர்த்து முன்னால் நீட்டினாள். விலங்கை எடுப்பதற்கு முன்பே கையை நீட்டிவிட்டால் முறுக்க மாட்டார்கள். அது அவளுக்குப் பழகியிருந்தது.

அத்தை குறுக்கே பாய்ந்து அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "பிள்ளையைத் தொட்டுடாதீங்க," என்றாள்.

போலீஸ்காரர் விலங்கை எடுக்கவில்லை. புத்தகத்தை மூடி சிப்போராவிடம் நீட்டினார்.

"இதை உள்ள அனுப்ப ஏதாவது வழி இருக்காம்மா?"

சிப்போராவுக்குப் புரியவில்லை. "யாருக்கு?"

"காலையில என் பொண்ணைக் கொண்டுபோய் உள்ள வெச்சுட்டாங்க."