ஒருத்தருக்கும் தராத வைன்

போத்தல் மேசைக்கு வந்து கொஞ்ச நேரம்தான். முக்கால்வாசியை அந்த மனிதர் தனியாளாகவே குடித்துவிட்டார்.

பியேரோ. இத்தாலிக்காரர். என் மகள் அனோஜினி விரும்புகிற லூக்காவின் தகப்பன். சம்பந்தம் பேச மகனையும் கூட்டிக்கொண்டு, முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்.

நானும் லேசுப்பட்ட ஆளில்லை. வைன் சுவைப்பது எப்படி என்று வகுப்புக்குப் போய் வந்தவன். அதன்பிறகு வீட்டில் தோடம்பழச் சாற்றைக்கூடச் சுழற்றி, மூக்கருகே பிடித்து மணந்துதான் குடிக்கிறேன்.

இத்தாலியில் அவருடைய மலைப்பக்கத்தில் விளைகிற 'பெலவெர்கா' என்ற அபூர்வத் திராட்சையின் வைனைத் தேடிப்பிடித்து வாங்கியிருந்தேன். வெளிறிய சிவப்பு.

"இதென்ன, சாயச் சீலை அலம்பின தண்ணி மாதிரிக் கிடக்கு?" என்றார், பக்கத்து ஊரான புரோசார்டிலிருந்து வந்திருந்த மச்சான் தியாகராசா.

"உமக்கு விளங்காது மச்சான். இது ரசனை உள்ள ஆக்கள் குடிக்கிறது."

கிளாசில் துளி ஊற்றிச் சுழற்றினேன். தடிமனில் மூக்கு அடைத்திருந்தது. அதற்காக விட முடியுமா?

"ஸ்ட்ரோபெரி... பின்னால கொஞ்சம் மிளகு" என்றேன், கண்ணை மூடி. இணையத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

முதல் கிளாஸ் பியேரோவுக்கு. மணந்தார். ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி மணந்தார். பிறகு போத்தலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"என் அம்மாவின் ஊர் வைன்! குறை நினைக்காதீர்கள், இதை ஒருவருக்கும் தரமாட்டேன்" என்று பிரெஞ்சில் சொல்லிச் சிரித்தார்.

மச்சான் நீட்டிய கிளாஸ் வெறுமையாகவே திரும்பியது. லூக்காவே தகப்பனை ஆச்சரியமாகப் பார்த்தான்.

கடைசித் துளிவரை குடித்துவிட்டு, என்னைக் கட்டியணைத்து விடைபெற்றார்.

லூக்கா ஓட்டிய கார் தெருமுனையில் திரும்பியதும் மச்சான் தொடங்கினார். "குடிகார வீட்டிலயோ பிள்ளையைக் குடுக்கப் போறாய்?"

எனக்கும் சுர்ரென்று ஏறியது. "பிள்ளை, இந்தச் சம்பந்தம் எங்களுக்குச் சரிவராது. விருந்துக்கு வந்த இடத்தில இப்பிடியோ குடிக்கிறது?"

"அப்பா, அவர் அரைக் கிளாசுக்கு மேல குடிக்கிறவர் இல்லை."

"என்ர கண்ணால பாத்தனான்!"

அனோஜினியின் கண் கலங்கியது. ஏதோ சொல்ல வந்து விழுங்கிக்கொண்டாள்.

குசினிக்குள்ளிருந்து என் மனைவி கௌரியின் சத்தம் கேட்டது.

"இஞ்சருங்கோ, இந்தப் போத்தலுக்குள்ள என்ன செத்துக் கிடக்கு? வெள்ளம் வந்த பேஸ்மென்ட் மாதிரி மணக்குது!"

"அதுதான் அந்தத் திராட்சையின்ர குணம்" என்றேன், மூக்கை உறிஞ்சியபடி.

அதற்குமேல் அனோஜினியால் பொறுக்க முடியவில்லை.

"அப்பா, போகேக்க அவர் என்ர காதுக்குள்ள சொன்னவர். 'வைன் பழுதாப்போச்சு பிள்ளை, மற்ற ஆக்கள் வாயில வைக்க முன்னம் நான் முடிச்சிட்டன். அப்பாட்ட மட்டும் சொல்லிப்போடாதை, பாவம்' எண்டு."