கடல் பக்கம்

பயிற்சியாளர் என்பவர் தன் புகழையெல்லாம் வீரர்களுக்குக் கொடுத்துவிட்ட துறவி. ஆட்டத்துக்கு முன் மைக்கில் இப்படித்தான் பேசினார் ஸ்தனிஸ்லாஸ். இறுதியாட்டத்தில் கோல் அடித்து, ஊரார் தோளில் மாதா கோயிலைச் சுற்றி வந்தவர் இதுவரை அவர் ஒருவர்தான். இந்த ஆண்டு இறுதியாட்டத்தின் கடைசி நிமிடத்தில் அவருடைய அணிக்குப் பெனால்டி கிடைத்தது.

“மாஸ்டரே, எந்தப் பக்கம் அடிக்க?” என்றான் பெனிட்டோ.

“கடல் பக்கமா அடி மக்கா. கோயிலச் சுத்தாண்டாமா?”

அவன் பந்தை வைக்கக் குனிந்ததும், எதிரணி கோல்கீப்பருக்குக் கடல் பக்கமாகக் கண்ணைக் காட்டினார் ஸ்தனிஸ்லாஸ். கீப்பர் மறுபுறம், கோயில் பக்கம் பாய்ந்தான். கோல்.

பெனிட்டோவைத் தூக்கிக்கொண்டு ஊரே ஓடியது. கீப்பர் மண்ணைத் தட்டிக்கொண்டு வந்தான்.

“நீரு ஆடுற காலத்துல உம்ம கண்ண நம்பி எத்தன கோல் வாங்கியிருக்கேன். இன்னுமா ஓய் நம்புவேன்?”

ஸ்தனிஸ்லாஸ் அவனிடம் முதல்முறையாக அன்றுதான் உண்மையைச் சொல்லியிருந்தார்.