இருபத்தொன்பதாம் தேதிச் சாப்பாடு

மெனு அட்டையைத் திறக்காமலேயே, "இங்க சமையல் யாரு?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று சர்வர் பதிலுக்குக் கேட்டார். பெர்கமினோ என்றதும் உள்ளே போனார். திரும்பி வந்து, சமைப்பது உள்ளூர்ப் பெண்மணி ஒருவர்தான், நெடுங்காலமாக இங்கேயே இருக்கிறார் என்றார்.

மாதத்தின் இருபத்தொன்பதாம் தேதி. அன்றைக்கு அர்ஜென்டினா முழுக்க இத்தாலி உணவகங்களில் உட்கார இடம் கிடைக்காது. எல்லா மேசையிலும் ஒரே பதார்த்தம்தான்: வேகவைத்த உருளைக்கிழங்கு மாவு உருண்டை, மேலே தக்காளிக் குழம்பு, அதற்கும் மேலே துருவிய சீஸ். ஞோக்கி என்பார்கள். தட்டுக்கடியில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டு, பிறகு அந்த நோட்டைப் பர்ஸில் பத்திரமாக வைத்துக்கொண்டால் வருகிற மாதம் நல்லபடியாக விடியும். கடவுளை நம்பாதவர்கள்கூட இதை நம்புவார்கள்.

அந்த அம்மாள் நெலிதாவும் ஒரு நோட்டை வைத்தாள். எதிரே அவள் கணவர் அனிபல் அடிக்கொரு தரம் சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்தவர்களெல்லாம் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் இவர்களுக்குத் தட்டு வந்தது.

நெலிதா உடனே சாப்பிடவில்லை. குனிந்து மோந்து பார்த்தாள். ஒரே ஒரு உருண்டையை எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பக்கத்து மேசையில் இருந்த லாரி ஓட்டுநர் தன் மனைவியிடம், "தலைநகரத்து அம்மா போல. குத்தம் கண்டுபிடிக்காம அவங்களுக்குத் தொண்டையில எறங்காது" என்றார்.

"நீ மட்டும் என்னவாம்? சீஸ் மேல கெடக்கறதையெல்லாம் பொறுக்கிப் பொறுக்கி ஓரங்கட்டிட்டு இருக்க" என்றாள் அவர் மனைவி.

நெலிதா திரும்பிப் பார்த்தாள். காதில் விழுந்துவிட்டது என்று லாரிக்காரர் அவசரமாகக் குனிந்துகொண்டார். அவள் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துவிட்டுத் தன் தட்டுக்குத் திரும்பினாள்.

"என்ன?" என்றார் அனிபல்.

"இது அவன் கை இல்ல" என்றாள்.

அனிபலின் முகம் தொங்கிப்போனது. அவர்கள் குற்றம் கண்டுபிடிக்க வந்தவர்கள் இல்லை, பாவம், பெற்ற பிள்ளையைத் தேடி வந்தவர்கள்.

ஒரே மகன் தமியான். டிராக்டர் பட்டறைக்கு வாரிசு என்று அப்பா மார்தட்டிக்கொண்டிருக்க, அவன் சமையல்காரனாகப் போகிறேன் என்று வந்து நின்றான். கரண்டி பிடிக்கிறவன் எனக்குப் பிள்ளையே இல்லை என்று அனிபல் அவனுடைய கத்திகளையெல்லாம் அள்ளித் தெருவில் எறிந்தார். அம்மா ஒரு வார்த்தை பேசுவாள் என்று அவன் அவளைப் பார்த்தான். அவள் வாயே திறக்கவில்லை. அவன் கத்திகளைப் பொறுக்கிக்கொண்டு போனவன்தான்.

தெற்கே ஏதோ ஒரு ஊரில், இத்தாலி உணவகம் ஒன்றில் அவனைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். எந்த ஊர் என்று சொன்னவருக்கே நினைவில்லை. அதிலிருந்து கையில் காசு சேரும்போதெல்லாம் இருவரும் பஸ் ஏறிவிடுவார்கள். போகிற ஊரில் எத்தனை இத்தாலி உணவகம் உண்டோ அத்தனையிலும் சாப்பிடுவார்கள். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

பேரை மாற்றிக்கொள்ளலாம், கைப்பழக்கத்தை மாற்ற முடியாது என்பது நெலிதாவின் கணக்கு. தட்டு மேசைக்குப் போகும் முன் சீஸுக்கு மேலே ஒரு சிட்டிகை ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போடுவான் தமியான். வேறு யாரும் அப்படிச் செய்து அவர்கள் பார்த்ததில்லை. மருந்து வாடை அடிக்கிறது என்று அன்றைக்கு மூக்கைச் சுளித்த அனிபல்தான், இன்றைக்கு ஊர் ஊராகத் தட்டில் அந்த வாடையைத் தேடிக்கொண்டிருந்தார்.

மற்ற ஊர்களில் நெலிதா ஒரு வாய் தின்று பார்த்ததோடு சரி, தட்டைத் தள்ளிவிடுவாள். இங்கே என்னவோ ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. தட்டில் ஒட்டியிருந்த குழம்பைக்கூட ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டாள். இன்றைக்காவது வயிறாரச் சாப்பிட்டாளே என்று அனிபல் மனதைத் தேற்றிக்கொண்டார்.

எழுந்திருக்கும்போது அவர் தட்டைத் தூக்கி நோட்டை எடுக்கப் போனார். அது அங்கேயே இருக்கட்டும் என்று அவள் தடுத்துவிட்டாள். சாப்பாடு ரொம்ப நன்றாக இருந்தது என்று உள்ளே சொல்லிவிடுங்கள் என்று சர்வரிடம் இரண்டு தரம் சொன்னாள். சர்வர் அவள் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டினார்.

பஸ் நிலையத்தில் அனிபல் வழக்கம்போல விசாரித்துக்கொண்டு வந்தார். அடுத்த ஊரில் ஜெனோவாக்காரர் ஒருவர் நடத்தும் இத்தாலி உணவகம் இருக்கிறதாம், சமையலுக்குப் புதிதாக ஒரு வாலிபன் வந்திருக்கிறானாம். பஸ் புறப்படப் போகிறது, வா என்று பையைத் தூக்கினார்.

நெலிதா பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. நம்ம ஊருக்கு எப்போது பஸ் என்று கேட்டாள்.

"மனசை விட்டுடாத கெழவி. கெடைப்பான். நான் அவன் கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வர்றேன்" என்றார் அனிபல்.

அவள் அவர் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் உடைந்தது.

"எல்லார் தட்டுலயும் ஆரஞ்சுத் தோல் இருந்துச்சு கெழவா. நமக்கு மட்டும்தான் போடல."