மூலையை விட்டு வந்த எலி

"அப்பா, இதைப் பாருங்க! மூலையை விட்டு வெளிய வந்துடுச்சு!"

ரயிலை விட்டு இறங்கி நேராக அப்பா வீட்டுக்கு வந்தவள், கைகூடக் கழுவாமல் லேப்டாப்பைத் திறந்தாள். மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு வேலை.

திரையில் ஒரு வெள்ளெலி, தனிப் பெட்டியில், சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்தது.

"துணையே இல்லாம வளர்த்தோம். சர்க்கரைத் தண்ணியைக்கூடச் சீண்டலை. இப்ப பாருங்க."

அடுத்த வீடியோவில் அதே எலி காகிதத்தைக் கிழித்துக் கிழித்து இழுத்து வந்து கூடு கட்டிக்கொண்டிருந்தது. நடுவில் ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீரையும் ஒரு கை பார்த்தது.

அப்பா வாயைப் பிளந்தார். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர், லேசில் அசருகிற ஆள் இல்லை.

"எல்லா எலியுமா?"

"மருந்து குடிச்சது அத்தனையும்! வெறும் தண்ணி குடிச்சது இன்னும் மூலையிலதான். பழைய மூட்டுவலி மருந்துப்பா. மனச்சோர்வு இதுக்குக் கேக்குமான்னு எல்லாரும் சிரிச்சாங்க."

செத்தது போலக் கிடந்த உயிர் மறுபடி கூடு கட்டுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் அவளுக்குப் புல்லரித்தது.

"உனக்கு எப்படிம்மா தோணிச்சு?"

"உங்களைப் பார்த்துத்தான். அம்மா போனப்புறம் ஜன்னலைக்கூடத் திறக்காம கிடந்தீங்க. உங்க மூட்டுவலிக்கு டாக்டர் இந்த மாத்திரையை எழுதினார். மறந்துடுவீங்கன்னு நானும் தினம் போன் பண்ணி விரட்டினேன். கொஞ்ச நாள்ல செடி வைக்கறீங்க, பக்கத்து வீட்டுக்காரரோட சண்டை போடறீங்க! அப்பதான் பொறி தட்டிச்சு. அடுத்த வாரம் பெரிய கூட்டத்துல பேசறேன். முதல் படமே உங்க மாத்திரை அட்டைதான். எங்க வச்சிருக்கீங்க?"

"அது... நீ உக்காரு, நான் எடுத்து..."

அதற்குள் அவள் அலமாரியைத் திறந்துவிட்டாள். மருந்துக்கடைப் பையில் தூசி படிந்திருந்தது. உள்ளே அட்டைகள் அப்படியே இருந்தன. ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை.

"அப்பா?"

அப்பா திருதிருவென்று விழித்தார். "வாங்கிட்டு வந்து காட்டினப்பவே, வயித்துக்கு ஒத்துக்காதுன்னு டாக்டர் வேண்டாம்னுட்டாரும்மா."

"தினமும் கேட்டேனே! போட்டாச்சு, போட்டாச்சுன்னீங்களே!"

திரையில் எலி இன்னும் கூடு கட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே அப்பா மெல்லச் சொன்னார்:

"மாத்திரையே இல்லைன்னு சொல்லியிருந்தா, அப்புறம் எதுக்கும்மா நீ தினம் கூப்பிடப் போற?"