ஆல்பர்ட்கள் கூடும் நாள்

அமெரிக்காவின் அயோவாவில் ஆல்பர்ட் என்று பெயருள்ளவர்கள் வருடம் ஒருமுறை கூடுவார்கள். வரும் ஆல்பர்ட்களுக்கு பான்கேக் இலவசம். ஹால் சுவரில் ஐன்ஸ்டைன், ஷ்வைட்சர் என்று புகழ்பெற்ற ஆல்பர்ட்களின் படங்கள் தொங்கும்.

"யோவ் ஆல்பர்ட், தொப்பை இன்னும் கூடிருச்சே!" உள்ளேயிருந்து ஒருவர் கத்தினார். வாசலில் நின்ற பெரியவர் கையசைத்தார்.

"டிரைவிங் லைசென்ஸைக் காட்டுங்க சார், பேரைப் பாக்கணும். இந்த வருஷம் புது ரூல்" என்றாள், வாசல் மேஜையில் பெயர் பதிந்துகொண்டிருந்த மார்லீன்.

"மூணு வருஷமா வர்றேனேம்மா."

"காட்டிட்டுப் போங்களேன்."

தயங்கிக் காட்டினார். அதில் 'வெர்னன் ஹாஸ்கல்' என்றிருந்தது.

"அப்போ நீங்க ஆல்பர்ட் இல்லையா? ஓசி பான்கேக்குக்கா இத்தனை பொய்?"

"ஆல்பர்ட் என் பையன்மா. 'கிழட்டுப் பேருன்னு ஸ்கூல்ல சிரிக்கிறாங்கப்பா, சுருக்கி ஆல்னு கூப்பிடுங்க'ன்னு கெஞ்சுவான். 'ஐன்ஸ்டைன் பேருடா'ன்னு அதட்டுவேன். ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிடல. ஆக்சிடென்ட்ல போயிட்டான். வீட்டுல இப்ப அந்தப் பேரை யாரும் சொல்றதில்ல. இங்க கூப்பிட்டா யாராவது திரும்பிப் பாக்குறாங்க."

மார்லீன் ஒரு பெயர் பேட்ஜை எடுத்து, 'ஆல்பர்ட்' என்று எழுதப் போனாள்.

"அம்மா, இந்தத் தடவை 'ஆல்'னு எழுதுறியா?" என்றார் அவர்.